காணித் தரகு பொம்பிளைக்குச் சரிவருமா?

கேள்வி, 2023 மே 6

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் வளர்ந்தவள் நான். உயர்தரம் முடித்து இரண்டு வருடம். மட்டக்களப்பு நகரில் காணி வாங்கி விற்கும் ஓர் இடத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அண்ணன் விடமாட்டேன் என்கிறார். "காணித் தரகு பொய் சொல்லத் தெரிஞ்ச ஆம்பிளையள்ற தொழில், வரம்பில நடந்த உனக்குச் சரிவராது" என்கிறார். இந்தத் தொழிலில் நிலைத்த பெண் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மே 6, இரவு 10.40

இருக்கிறேன் தங்கச்சி. 2005இல் தொடங்கினேன், இன்னும் செய்கிறேன். உன் அண்ணன் சொன்னதில் பாதி சரி, இந்தத் தொழிலில் பொய் நிறைய. வரம்பில் நடந்தவளுக்குச் சரிவராது என்றது முழுப் பிழை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். விடியவே வவுணதீவில் ஒரு காணி காட்டப் போக வேண்டும்.

மே 7, மதியம்

என் ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால. அப்பா முதலில் ஒரு போடியாருக்கு, அதாவது பெரிய வயற்சொந்தக்காரருக்கு, முல்லைக்காரராக, வயல் பார்க்கும் ஆளாக இருந்தார். பிறகு நாலு ஏக்கர் எங்களுக்கென்று வந்தது, அதில் இரண்டு உறுதிக் காணி, அதாவது சொத்துப் பத்திரம் உள்ள சொந்தக் காணி, மற்ற இரண்டும் பெமிற், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. பெண்பிள்ளைகள் மூன்று பேர், கடைசியாகத்தான் தம்பி. அதனால் வயலில் அப்பாவுக்குக் கை உதவி நான்தான். நாற்றுப் பிடுங்கல், களை பிடுங்கல், பன்றிக் காவல், களவெட்டியில் பொலி தூற்றல், எல்லாம் செய்திருக்கிறேன்.

இரவுத் தண்ணீர் முறையைத்தான் நான் மறக்கவில்லை. வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் வட்டவிதானையார் எங்கள் முறை நடுச்சாமம் என்றால் நடுச்சாமம்தான். அப்பா முன்னால் மண்வெட்டியோடு, நான் பின்னால் லாம்போடு. வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையை வெட்டிவிட்டு, லாம்பை மறைக்கச் சொல்வார். இருட்டில் என்னை வயலுக்குள் இறக்கி, "தண்ணி எந்தப் பக்கம் போகுது, சொல்லு புள்ள" என்பார். முதல் நாள்களில் ஒன்றும் தெரியாது, கணுக்கால் குளிர்ந்தது மட்டும் தெரியும். பிறகு விரல்களுக்கு இடையில் சேறு இழுபடும் பக்கம் தெரியத் தொடங்கியது. ஒரு சின்ன உயர வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காலால் முடியும். அளக்கும் கருவி இல்லாமல் ஒரு காணியின் பள்ளம் மேட்டை நான் இன்றைக்கும் சொல்வது அதனால்தான்.

தொழில் தொடங்கியது இப்படி. சித்தி குடும்பம் நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடு போனது, பிள்ளைகள் தப்பினார்கள். பிறகு கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்கு விதி போட்டார்கள். முகாமில் இருந்த சித்தப்பா கையில் கொஞ்சக் காசோடு காணி தேடினார். ஆவணி மாதம் ஒரு புரோக்கர் நகரத்துக்கு மேற்கே ஓர் இடம் காட்டினார். நானும் துணைக்குப் போனேன். நிலம் வெடித்துக் காய்ந்து கிடந்தது, "வெள்ளமே ஏறாத மேட்டுக் காணி" என்றார். காய்ந்த நீர்முள்ளியின் வேரடியில் நத்தைக் கோதுகள் குவிந்து கிடந்தன. வேலிக் கதியாலில் முழங்கால் உயரம் வரைக்கும் சேற்றுக் கோடு. சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "மாரியில இது குளம் சித்தப்பா" என்றேன். புரோக்கருக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. "பொம்பிளைய கூட்டிவந்து காணி பாக்கிறீங்களா?" என்று கேட்டார்.

வேறு 20 பேர்ச் காணி நான்தான் தேடிக் கொடுத்தேன். கரையான் புற்று ஏறி நின்ற துண்டு, கிணற்றுத் தண்ணீர் நல்லது. கொமிசன் ஒன்றும் இல்லை, சித்தி ஒரு சேலை தந்தார். அதே முகாமில் இருந்து இன்னொரு குடும்பம் கேட்டது, பிறகு இன்னொன்று. ஏழாவது குடும்பம் கையில் காசை வைத்தபோதுதான் இது ஒரு தொழில் என்று விளங்கியது.

2011 ஜனவரி வெள்ளத்தில் புரோக்கர் காட்டிய அந்த முதல் காணியைப் போய்ப் பார்த்தேன். வேலிக் கட்டையின் நுனி மட்டும் தெரிந்தது.

மே 9

கீழே ஒருவர் பேர்ச் கணக்குக் கேட்டிருக்கிறார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் விதைப்பில், அதாவது விதைக்கத் தேவையான நெல்லின் அளவில் பேசுவார்கள்: இத்தனை மரக்கால் விதைப்பு, இத்தனை அவணம் என்று. அது மண்ணுக்கு மண் மாறும். ஆகையால் பழைய உறுதியில் விதைப்பு அளவு இருந்தால், நில அளவையாளரைக் கொண்டு அளந்து பிளான் எடுக்காமல் ஒரு ரூபாவும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மே 9, இரவு

யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர், மட்டக்களப்பில் பெண் காணி விற்கப் புருஷன் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். உங்களுக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் இருக்கிறது, மணமான பெண் தன் காணியை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். எங்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம். 1923இல் வந்த மணமான பெண்களின் ஆதனச் சட்டத்தோடு, தன் பெயரில் உள்ளதைத் தானே விற்கலாம், தானே எழுதிக் கொடுக்கலாம். முன்பு இங்கே முக்குவர் சட்டம் என்று தாய்வழி வழமை இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத்தை விட்டுப் போய்விட்டது, வீடுகளை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் கட்டிய மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சீதன உறுதியில் மகளின் பெயர்தான் இருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது தங்கச்சி. நீ காணி விலை பேசப் போகும்போது முற்றத்தில் கதிரை போட்டு ஆம்பிளைகள் இருந்து பேசுவார்கள். காணியின் சொந்தக்காரி குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருப்பார். ஆம்பிளைத் தரகர் குசினிக்குள் போக முடியாது. நான் போவேன். அடுப்படியில் குந்தி, "அக்கா, உங்களுக்கு உண்மையாகவே விற்க விருப்பமா?" என்று கேட்பேன். மூன்று தரம் "இல்லை" என்ற பதில் வந்திருக்கிறது. மூன்று தரமும் கிறுகி வந்துவிட்டேன்.

மே 14

சரி, பிழை விட்ட கதையையும் எழுத வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் உன் அண்ணன் சொன்ன பொய்யில் அதுவும் ஒன்று.

2010. யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பிக் குடியேறிய காலம், எல்லாரும் காணி தேடினார்கள். வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் இரண்டு ஏக்கர், கொஞ்சம் மேட்டு நிலம், மிச்சம் வயல். விற்றவர் கையில் உறுதி இருந்தது, பதிவும் இருந்தது. நான் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துப் பார்த்தேன், சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. ஓர் ஆசிரியர் 6 இலட்சத்துக்கு வாங்கினார். எனக்கு 12,000 ரூபா.

அடுத்த வருடம் ஒரு பெத்தா, அதாவது பாட்டி, வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய உறுதி. புருஷனின் பெயரில் 1970களில் எழுதியது. 1990இல் அவர்கள் இடம்பெயர்ந்து போனார்கள். அதன் பிறகு அந்தக் காணியில் விதைத்தவர், இத்தனை வருடம் நான் ஆண்டு வருகிறேன் என்று பிரகடன உறுதி ஒன்றை எழுதிப் பதிந்திருக்கிறார். அது பதிவேட்டில் புதிய பக்கத்தில் தனியாகத் தொடங்கியிருந்தது. நான் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். பழைய பக்கத்தைத் தேட எனக்குத் தெரியவில்லை.

பிரகடன உறுதி என்று கண்டாலே நில். அதற்கு முன் அந்த நிலம் யாருடையது என்று 30 வருடமாவது பின்னால் போய்ப் பார். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாற முடியாது என்று 1840இலேயே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நொத்தாரிசு உறுதியை எழுதுவார், நிலத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. பார்ப்பது எங்கள் வேலை.

கொமிசனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 15, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி சரியில்லை, திருத்துகிறேன். கொமிசனைத் திருப்பிக் கொடுத்தது 2013இல். இரண்டு வருடம் நான் கொடுக்கவில்லை. "நான் என்ன செய்ய, உறுதி இருந்ததுதானே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெத்தா இரண்டு மூன்று தரம் வந்து எங்கள் படியில் இருந்துவிட்டுப் போவார். சத்தம் போடமாட்டார், ஏச்சும் இல்லை. வெற்றிலை போட்டுவிட்டு, "மறுகா வாறன் மகள்" என்று எழும்பிப் போவார்.

அம்மாதான் ஒரு நாள் கேட்டார்: "அந்தக் காணியில கடைசியா விதைச்சவர் ஆரெண்டு கேட்டியா? அதுக்கு முதல் விதைச்சவர் ஆரெண்டு கேட்டியா?" நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா எனக்குச் சோறு போட்டார், தான் சாப்பிடவில்லை.

இன்றைக்கு எந்தக் காணிக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். உறுதியைக் கேட்பது அதற்குப் பிறகு. பக்கத்து வயல்காரரிடம் கேட்பேன், வட்டவிதானையாரிடம் கேட்பேன், கமநல சேவை நிலையத்தில் கமக்காரர் பதிவேட்டைப் பார்ப்பேன், கிராம சேவகரிடம் கேட்பேன். யுத்தம் தொடங்கிய 1983க்கு முன்னால் போகும் வரைக்கும் நிறுத்தமாட்டேன்.

மே 15, இரவு

பெத்தாவுக்கு என்ன நடந்தது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் நல்ல மனுசன். அவரும் காசு கொடுத்து வாங்கியவர்தானே. விற்றவர் ஊரை விட்டுப் போய்விட்டார். மூன்று பேரும் ஒரு நாள் கோயில் மடத்தில் இருந்து பேசினோம். பெத்தாவின் பழைய வீடு நின்ற 40 பேர்ச்சை அளந்து பெத்தாவின் பெயருக்கு எழுதிக் கொடுக்கவும், வயலை ஆசிரியர் வைத்துக்கொண்டு பெத்தாவுக்கு 20 மூடை நெல் கொடுக்கவும் சம்மதம் ஆனது. உறுதிச் செலவு என்னுடையது, 12,000 ரூபாவையும் பெத்தாவின் கையில் வைத்தேன்.

அப்போது இதைப் பெரிய நியாயம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 2016இல் ஒரு சட்டம் வந்தது. யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரைக்குமான காலத்தை ஆட்சிக் காலமாகக் கணக்குப் பண்ணக்கூடாது என்பது அதன் சாரம். பத்து வருட ஆட்சி என்று சொல்லிப் பறித்தவர்களுக்கு எதிரான சட்டம். எங்கள் பேச்சு அதற்கு மூன்று வருடம் முந்தியது. அந்த இரண்டு ஏக்கரும் பெத்தாவுடையது. நான் அவரை ஒரு நல்ல சட்டத்தரணியிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும், கோயில் மடத்துக்கு அல்ல.

மே 21

வேறு கதை. மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக் காணி விலை ஏறியதா என்று ஒருவர் கேட்டார். ஓம், ஏறியது. 2014இல் திறந்தார்கள். அதற்கு முதல் எங்களுக்குப் பாதைதான், இயந்திரம் பூட்டிய மிதவை. பின்னேரம் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் துறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிப் போக வேண்டும். காணி வாங்க வந்தவர்கள் வாவியைக் கண்டதும் தயங்குவார்கள். "மழைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?" என்பார்கள். நியாயமான கேள்வி. பாலம் திறந்த கிழமை நான் ஸ்கூட்டியில் மூன்று தரம் சும்மா போய் வந்தேன். நடுப்பாலத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. அப்பா இருந்திருந்தால் நெல் மூடையோடு உழவு இயந்திரத்தில் நேரே ஆரையம்பதிக்குப் போயிருப்பார்.

குருக்கள்மடம் அம்பிளாந்துறைப் பக்கம் இன்னும் பாதைதான். அங்கே காணி பார்ப்பவர்களை நான் வேண்டுமென்றே பாதையில்தான் கூட்டிப் போவேன். அந்த அரை மணித்தியாலக் காத்திருப்பையும் அவர்கள் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மே 28

பெமிற் பற்றி எழுது என்கிறார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில் கொடுத்தது பெமிற். அதை விற்க முடியாது. பெமிற்றுக்குப் பிறகு அரசாங்கம் தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதவர்கள் எத்தனை பேர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

இதில் என் சொந்தக் காயம் ஒன்று. எங்கள் இரண்டு ஏக்கர் பெமிற்றுக்கு அப்பா பின்னுரித்தாளரை, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதைப் பதியவில்லை. 2012இல் அப்பா போனார். அம்மா இருக்கும் வரைக்கும் அம்மா அனுபவித்தார். 2017இல் அம்மாவும் போன பிறகு தம்பிக்குப் போனது. மூன்று அக்காமாருக்கு இளையவன், மண்வெட்டி பிடித்ததே குறைவு. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் மகன் முதல், மகள் பிறகு. வக்கடை வெட்டிய கை என்னுடையது என்று எந்த அட்டவணையில் எழுதுவது? 2022இல் அந்த ஆண் முதல் என்ற வரிசையைத் திருத்தினார்கள். எங்களுக்குப் பிந்திவிட்டது. தம்பி கெட்டவன் இல்லை, ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு மூடை நெல் கொண்டுவந்து தருவான். நான் வாங்கிக்கொள்வேன். வாங்கும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு இறுகும்.

உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார்தானே தங்கச்சி? பெமிற் இருந்தால் நாளைக்கே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போய்ப் பின்னுரித்தாளரைப் பதியச் சொல். வேலையை எடுப்பதா விடுவதா என்பதை அதன் பிறகு யோசி.

ஜூன் 11

தங்கச்சி பதில் போட்டிருக்கிறார், பதிந்தாயிற்று என்று. சந்தோசம். வேலையையும் எடுத்துவிட்டாராம். முதல் கிழமையே வயலை நிரப்பி 10 பேர்ச் துண்டுகளாக விற்கும் காணியைக் காட்டச் சொல்கிறார்களாம், என்ன செய்ய என்று கேட்கிறார்.

வயலை நிரப்ப கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல். காட்டினால், நிரப்பிய மண் எந்த வாய்க்காலை அடைத்திருக்கிறது என்று நடந்து பார். காட்டாவிட்டால் அந்தக் காணியை விற்காதே. வேலை போகும் என்று பயமாக இருக்கும், தெரியும். எனக்கும் இருந்தது.

ஜூன் 12

நேற்றுக்குப் பிறகு நித்திரை வரவில்லை. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு உறுதியாக உபதேசம் சொல்கிறேன், நானே மறைத்த ஒன்று இருக்கிறது.

மே 14இல் "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன். பழைய பதிவைத் தேடத் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் ஆசிரியருக்குக் காணி காட்டிய அன்று மேட்டு நிலத்தில் ஓர் எலுமிச்சை மரத்தடியில் அம்மி ஒன்றைக் கண்டேன். பாதி மண்ணுக்குள். மேலே பாசி. குழவி இல்லை. நடுவில் அரைத்து அரைத்துக் குழிந்திருந்தது. அப்படிக் குழிய ஒரு பெண் எத்தனை வருடம் அரைத்திருக்க வேண்டும்? எலுமிச்சையைச் சும்மா யாரும் வயற்கரையில் நட மாட்டார்கள். இது ஒரு வீட்டு வளவு, ஒரு பெண் இதில் இருந்திருக்கிறாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். நத்தைக் கோதைக் கண்டு சித்தப்பாவின் கையை இழுத்த நான், அம்மியைக் கண்டு வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் அந்தப் பக்கம் வராமல் வயலைக் காட்டிக்கொண்டு போனேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் சொன்ன பொய்யை விட இது கூடாதது. அதுதான் எழுத வேண்டி இருந்தது.

ஆகஸ்ட் 20

இந்த இழையை மறந்திருந்தேன். சிறுபோக வெட்டு முடிந்து தம்பி நெல் கொண்டுவந்தான். அன்றைக்கே பெத்தாவின் பேத்தி போன் எடுத்தார். அந்த 40 பேர்ச்சை விற்க வேண்டும், அக்காவின் வீட்டைக் கட்டி முடிக்கக் காசு போதாது, நீங்கள்தான் ஆள் பார்த்துத் தர வேண்டும் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வேறு தரகர் யாரையாவது பாருங்கள் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. "பெத்தாவுக்கு விருப்பமா என்று முதலில் கேள் மகள்" என்றேன்.

கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார். பெத்தாவுக்கு இப்போது கண் பார்வை குறைவு, பேச்சுக் குறையவில்லையாம். "அந்தப் புள்ளையத்தான் விக்கச் சொல்லு, அவவுக்குக் காணி தெரியும்" என்றாராம். எலுமிச்சை மரத்துக்கும் சேர்த்து விலை கேட்கச் சொன்னாராம். அம்மி மட்டும் விலையில் இல்லையாம், அதைக் கிளப்பிப் புது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

அம்மியை எந்த நொத்தாரிசும் உறுதியில் எழுதமாட்டார். என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஓர் அலவாங்கும் எடுத்துக்கொண்டு.